வகுப்பில் இன்னொருத்தி இல்லாத பெயர்

இலங்கையின் வன்னியில் கிளிநொச்சியிலோ மல்லாவியிலோ ஒரு முன்பள்ளி வாசலில் நின்று "தனு" என்று கூப்பிட்டால் இரண்டு மூன்று தலை திரும்பும். ஒருத்தி தனுஷா, ஒருத்தி தனுஜா, மற்றவள் தனுஷிகா. மூன்று வீட்டிலும் ஊரில் ஒருவருக்கும் இல்லாத பெயர் என்று நினைத்துத்தான் வைத்திருப்பார்கள். பதிவில் மூன்றும் வேறு வேறு. கூப்பிடுகிற வாய்க்கு மூன்றும் ஒன்று.

அரிய பெயர் தேடுகிறவர்கள் பெயர்ப் பட்டியலைத் திறக்கமுன் இதைத்தான் கவனிக்க வேண்டும். எங்கள் பக்கத்துப் பெண்பிள்ளைப் பெயர்களின் வால் ஷா, ஷி, ஷிகா, ஜா, யினி, ந்தினி என்று சின்ன வட்டத்துக்குள்ளேயே சுழல்கிறது. வாலை மாற்றினால் பெயர் மாறாது. முதல் இரண்டு எழுத்தும் மாறினால்தான் பிள்ளைக்குத் தனிப்பெயர் கிடைக்கும்.

முதல் எழுத்து எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் சோதிடம் பார்க்கும் சாத்திரியார் பிறந்த நட்சத்திரத்துக்குத் தரும் எழுத்திலிருந்து. 27 நட்சத்திரம், ஒவ்வொன்றுக்கும் 4 பாதம், ஆக 108 எழுத்து. கேட்க நிறைய இருப்பதுபோலத் தெரியும். ஆனால் அதில் நல்ல பகுதி தமிழ்ச் சொல் தொடங்காத எழுத்து. ஆயிலியத்துக்கு டி, டு, டே, டோ. பூரத்துக்கு மோ, ட, டி, டு. தமிழில் டகரத்தில் சொல் தொடங்காது. அதனால் அந்த வீடுகள் எல்லாம் டிலானி, டிலக்சி, டிலக்சனா, டினுஜா என்ற ஒரே கிணற்றில்தான் அள்ளுகின்றன. உத்தராடம், திருவோணத்துக்கு வரும் ஜகரமும் அப்படித்தான்: ஜனனி, ஜனுஷா, ஜெயந்தி என்று கொஞ்ச வழிதான். திருவாதிரைக்கு கு, க, ங, ச. இதில் ஙகரத்தை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் "கு" இருக்கிறது. குழலி, குயிலி, குந்தவை எல்லாம் சும்மா கிடக்கின்றன, ஆட்கள் எடுப்பதில்லை.

ஆகவே எழுத்து வந்தவுடன் நான்கையும் எழுதி, எது நெரிசலான எழுத்து, எது வெளியான எழுத்து என்று பிரியுங்கள். பிறந்த பாதத்துக்குரிய ஒற்றை எழுத்தில்தான் வைக்க வேண்டும் என்று எல்லாச் சாத்திரியாரும் பிடிவாதம் பிடிப்பதில்லை. நட்சத்திரத்தின் நான்கில் எதுவும் சரி என்று சொல்கிறவர்களே அதிகம். சந்திரன் ஒரு நட்சத்திரத்தைக் கடக்க ஏறக்குறைய ஒரு நாள், ஒரு பாதத்தைக் கடக்க ஆறு மணித்தியாலம் அளவில் எடுக்கும். பிறந்த நேரம் நட்சத்திர எல்லைக்கு அருகில் என்றால் வாக்கியம், திருக்கணிதம் என்ற இரண்டு பஞ்சாங்க முறைகளும் வேறு வேறு நட்சத்திரம் சொல்லக்கூடும். அப்போது உங்கள் குடும்பம் வழமையாகப் பார்க்கும் பஞ்சாங்கம் எது என்பதைச் சாத்திரியாரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் பிறகு ஒரு அப்பம்மா இன்னொரு பஞ்சாங்கத்தோடு வந்து நிற்பார்.

நான்கு எழுத்தும் டகரமாய் வந்தால் இன்னொரு வழி இருக்கிறது; பழைய வழிதான். நட்சத்திரப் பெயரைச் சடங்கில் காதில் சொல்லி, கோவில் அர்ச்சனைக்கு வைத்துக்கொண்டு, பதிவுக்கு வேறு பெயர் கொடுக்கலாம். சாதகத்தில் ஒரு பெயரும் பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயரும் இருப்பதால் பொதுவாக அலுவலகங்களில் சிக்கல் வராது. அவர்கள் வழமையாகப் பார்ப்பது பிறப்புச் சான்றிதழைத்தான்.

அடுத்தது, பெயர் உண்மையில் அரிதா என்று பார்ப்பது. இதற்குக் கூகுளும் பேஸ்புக்கும் உதவாது. அங்கே வருவது முக்கால்வாசி தமிழ்நாட்டுப் பெயர்கள். தமிழ்நாட்டில் யாரும் வைக்காத டிலக்சி இங்கே தெருவுக்குத் தெரு இருக்கிறாள். அங்கே நிறைய இருக்கும் பெயர் இங்கே ஒன்றுகூட இல்லாமலும் இருக்கும். பார்க்க வேண்டியது இந்தப் பிள்ளை எந்தப் பிள்ளைகளோடு வாங்கில் இருக்கப்போகிறாளோ அவர்களின் பெயரை. கிளினிக் நாளில் குடும்பநல உத்தியோகத்தர் பெயர் கூப்பிடும்போது காது கொடுங்கள். இந்த வருடப் பெயர்கள் அங்கேதான் கேட்கும். முன்பள்ளி ஆசிரியையிடம் கேட்டால் மூன்று முதல் ஐந்து வயது வரையான பெயர்கள் தெரியும். ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சையில் சித்தியடைந்தவர்களின் பெயரைப் பாடசாலை வாசலில் பனரில் போட்டிருப்பார்கள். அது பத்து வருடத்துக்கு முந்திய பெயர்ப் பாணி. விதானையாரிடம் (கிராம அலுவலரிடம்) இருக்கும் வாக்காளர் இடாப்பு 18 வயதுக்கு மேற்பட்டவர்களுடையது. பிள்ளையின் வகுப்பைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது, ஆனால் வேறு ஒன்றுக்கு உதவும்: அதில் நிறைய இருந்து, முன்பள்ளியில் ஒன்றும் இல்லாத பெயர்கள்தான் இன்றைக்கு உண்மையாகவே அரியவை. புனிதவதி, திலகவதி, மங்கையர்க்கரசி, கமலாம்பிகை எல்லாம் அம்மம்மாக்களின் பெயர். ஐந்து வயதில் ஒரு புனிதவதி வந்தால் அந்த வலயத்திலேயே அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். பழைய பெயர் என்று முகம் சுளிக்கிறவர்கள் அந்தப் பிள்ளை முப்பது வயதில் ஒரு அலுவலக மேசையில் இருப்பதை நினைத்துப் பார்க்கட்டும். தொண்ணூறுகளிலும் அதன் பிறகும் இங்கே பரவிய தமிழினி, யாழினி வகைப் பெயர்கள் இப்போது தாய்மாரின் பெயர்கள். அவை அழகானவை, ஆனால் அரியவை என்ற கணக்கில் வரா.

எங்கே தேடுவது? இலக்கியத்திலும் கோவிலிலும் நிறைய உண்டு. ஆனால் எடுத்த எடுப்பில் பதிந்துவிடக் கூடாது.

சங்கப் பெண்பாற் புலவர்களின் பெயர்களைப் பாருங்கள். அள்ளூர் நன்முல்லையார் பெயரிலிருந்து நன்முல்லை. முல்லைத்தீவுப் பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமாக ஒரு பெயர் தேட வேண்டியதில்லை. குறமகள் இளவெயினி என்ற பெயரிலிருந்து இளவெயினி. கார்த்திகை நட்சத்திரத்தின் "இ" இதற்குச் சரியாக வரும். ஆதிமந்தி பெரிய பெயர், ஆனால் மந்தி என்றால் பெண்குரங்கு. தமிழ்ப் பாடத்தில் அந்தச் சொல் வருகிற நாளோடு பிள்ளையின் நிம்மதி போய்விடும். நச்செள்ளை பாடலில் நன்றாயிருக்கும், வகுப்பில் "நச்சு" மட்டும்தான் கேட்கும். எழினி பெண்பெயர் போலத் தோன்றும். அது அதியமான் மரபில் வந்த ஆண்பெயர்.

காப்பியங்களில் கண்ணகி, மாதவி, மணிமேகலை என்ற மூன்றோடு நின்றுவிடுகிறார்கள். மணிமேகலையின் தோழி சுதமதி. அசுவினிக்கும் சதயத்துக்கும் "சு" வருவதால் அந்த இரண்டு வீட்டுக்கும் உதவும். கண்ணகியின் தோழி தேவந்தி; விசாகத்துக்கும் ரேவதிக்கும் "தே" உண்டு. வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோவிலுக்கு வைகாசிப் பொங்கலுக்குப் போகிற குடும்பங்களில்கூட ஒரு தேவந்தியைக் காண்பது அரிது. சீவக சிந்தாமணியில் சுரமஞ்சரி, குணமாலை, விமலை. ஆதிரையும் மணிமேகலையில் வருகிறவள்தான், ஆனால் அந்தப் பெயர் இப்போது பரவத் தொடங்கிவிட்டது.

அம்மன் பெயர்களில் மாதுமை. திருக்கோணேச்சரத்து அம்பாள். ஈழத்தில் தேவாரம் பாடப்பட்ட இரண்டு தலங்களில் ஒன்றின் அம்மன் பெயர் நம்மிடையே இவ்வளவு குறைவாக இருப்பது ஆச்சரியம். மகத்துக்கு "ம" பொருந்தும், எழுத எளிது, அர்த்தம் கேட்டால் சொல்ல ஒரு கோவில் இருக்கிறது. ஒரே ஒரு கவனம்: முதல் தடவை கேட்கிறவர் "மதுமி" என்று எழுதிவிடுவார். சுந்தரரின் துணைவி பரவை. கேட்கிறவர்களில் பாதிப்பேர் பறவை என்று எழுதுவார்கள். "சின்ன ர" என்று வாழ்நாள் முழுவதும் சொல்லத் தயார் என்றால் வையுங்கள்.

வன்னிக்கே உரியது வேண்டும் என்று தேடுகிறவர்கள் வன்னி மன்னன் பண்டாரவன்னியன் கதையில் வரும் குருவிச்சி நாச்சியாரிடம் வந்து நிற்பார்கள். அந்தப் பெயரைக் குருவிச்சை என்றும் சொல்வார்கள். குருவிச்சை என்பது மாமரத்தில் ஒட்டி வளர்ந்து மரத்தை உறிஞ்சும் செடியும்தான். வளவில் மா வைத்திருக்கும் எல்லாப் பிள்ளைக்கும் இது தெரியும். நாச்சியார் என்ற பின்பகுதியை எடுப்பது மேல். பூ, மரம் என்றால் நொச்சி, வாகை, கொன்றை, ஆம்பல், குவளை, புன்னை. தனியாக மொட்டையாய் நிற்பவற்றுக்கு ஒரு விகுதியோ சொல்லோ சேர்த்தால் பெயராகிவிடும்: வாகையினி, குவளைவிழி. ஆனால் "யினி" போட்டவுடன் மீண்டும் பழைய வட்டத்துக்குள் வருகிறீர்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். கொன்றை மட்டும் என்றால் கொன்றை. துணிவு வேண்டும், ஆனால் பிழையில்லை.

கத்தோலிக்கக் குடும்பங்களில் ஞானஸ்நானப் பெயர் ஒன்று கூடவே வரும். கோவில் பதிவேட்டில் இருப்பதும் பிறப்புச் சான்றிதழில் இருப்பதும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தால் கலியாண நேரம் ஓடித்திரிய வேண்டியதில்லை.

பட்டியல் ஆறேழாகக் குறைந்த பிறகு ஒவ்வொரு பெயரையும் மூன்று எழுத்தில் எழுதிப் பார்க்க வேண்டும்: தமிழ், சிங்களம், ஆங்கிலம். தேசிய அடையாள அட்டையில் மூன்றும் வரும். அரிய பெயர் அதிகம் அடிபடுவது இங்கேதான், ஏனென்றால் வழக்கமான பெயரைப் பிழையாக எழுதினாலும் எழுதுநருக்கு உறுத்தும், கேள்விப்படாத பெயர் பிழையாய்ப் போனால் ஒருவருக்கும் தெரியாது.

தமிழில் க, ச, ட, த, ப ஐந்தும் இரண்டு ஒலியைச் சுமக்கின்றன. கஜனி என்றால் முதல் எழுத்துக்கு ஆங்கிலத்தில் கேயா ஜீயா? சிங்களத்தில் இரண்டுக்கும் தனித்தனி எழுத்து உண்டு, எழுதுகிறவர் தன் காதுக்கு வந்ததைப் போடுவார். ழகரம் சிங்களத்தில் இல்லை, ளகரமாகத்தான் போகும். ஆங்கிலத்தில் யாழினி என்ற ஒரு பெயருக்கே வெறும் எல், இசட் எச், ஆர் எல் என்று மூன்று வழி புழக்கத்தில் இருக்கிறது. ம, ந, ய, ர, ல, வ மட்டும் கொண்ட பெயர்கள் மூன்று மொழியிலும் உடையாமல் போகும்: விமலை, நிலா. இதற்காக ழகரத்தைக் கைவிட வேண்டும் என்றில்லை. ஆங்கில எழுத்துக்கூட்டலை முதல் நாளே முடிவுசெய்து, பிள்ளை சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டின் அட்டையிலிருந்து அதையே எழுதுங்கள். முதலாம் வகுப்பு அனுமதிப் படிவம், வங்கிப் புத்தகம், சாதாரண தரப் பரீட்சை விண்ணப்பம், கடவுச்சீட்டுக்காகச் செய்யும் மொழிபெயர்ப்பு எல்லாம் அதே கூட்டலில் போக வேண்டும்.

க்ஷ உள்ள பெயர்கள் தமிழிலேயே குழம்பும். லக்ஷிகா, லக்சிகா, லட்சிகா மூன்றும் ஒரே பிள்ளைக்கு மூன்று ஆவணத்தில் இருக்கக் காணலாம். பிறகு சமாதான நீதவானிடம் சத்தியக்கடதாசி முடித்துக்கொண்டு அலைய வேண்டியதுதான்.

வெளிநாட்டில் சொந்தம் உள்ள வீடுகளில் கேட்பார்கள்: அங்கே எப்படிச் சொல்வார்கள் என்று. ஜேர்மன் பேசுகிற இடத்திலும் நோர்வேயிலும் ஆங்கில ஜே எழுத்தை ய என்று வாசிப்பார்கள். ஜனனி யனனி ஆவாள். பிரான்சிலும் சுவிசிலும் டி எச் என்று எழுதினால் எச் காணாமல் போய் வெறும் டி எழுத்தைத்தான் வாசிப்பார்கள். இதற்காகப் பெயரை மாற்ற வேண்டாம். இரண்டு பெயர் சமமாய் நிற்கும்போது தீர்க்க மட்டும் உதவட்டும்.

பிறகு முதலெழுத்து. தகப்பன் பெயரின் முதலெழுத்தைச் சேர்த்துச் சத்தமாகப் படியுங்கள், ஏனென்றால் பாடசாலை வரவு இடாப்பில் அப்படித்தான் படிப்பார்கள். தகப்பன் மூர்த்தி, மகள் தேவி என்றால் மூ. தேவி. தகப்பன் நாகராசா, மகள் யாழினி என்றால் நா. யாழினி, முதல் தவணை முடியமுன் பெடியள் அதைப் பிடித்துவிடுவார்கள். இது சிரிப்பாகத் தெரியும், ஆனால் பதின்மூன்று வருடம் கூடவே வரும். தகப்பன் பெயர் நீளமென்றால் மகளின் பெயரைச் சுருக்குங்கள். பாலசுப்பிரமணியம் மட்டும் ஆங்கிலத்தில் பதினைந்து எழுத்து எடுக்கும். படிவத்தில் பெட்டி முடிந்தால் வெட்டுப்படுவது கடைசியில் நிற்கும் பிள்ளையின் பெயர்.

இரட்டைப் பிள்ளைகளுக்கு எதுகை பார்த்துத் தனுஷா, தனுஜா என்று வைப்பது பெரிய தலையிடி. தகப்பன் பெயரின் முதலெழுத்து ஒன்று, பிறந்த திகதி ஒன்று, விலாசம் ஒன்று. கிளினிக் அட்டை மாறும், தடுப்பூசிப் பதிவு மாறும். பெயர் தொடங்கும் எழுத்தாவது வேறாக இருக்க வேண்டும்.

பெயரை வெளியே கூப்பிட்டும் பாருங்கள். வளவின் படலையில் நின்று கிணற்றடிக்குக் கேட்கக் கூப்பிட வேண்டும். தமிழில் கூப்பிடும்போது கடைசி உயிரை நீட்டுவோம்; சுதமதீ, தேவந்தீ என்று ஓடும். மெய்யில் முடிகிற எழில், மகிழ் போன்றவை நீளாது, எழிலு, மகிழு என்று ஆகும். அதோடு, வீட்டுப் பெயரையும் நீங்களே முடிவுசெய்யுங்கள். அரிய பெயர் வைத்துவிட்டுக் குட்டி, பேபி என்று கூப்பிட்டால் ஊருக்கு அவள் இன்னொரு பேபிதான். நன்முல்லைக்கு முல்லை, மாதுமைக்கு மாது என்று பெயருக்குள்ளேயே ஒரு சுருக்கம் இருப்பது நல்லது.

வன்னியில் பல வீடுகளில் இழந்த ஒருவரின் பெயரைப் பிள்ளைக்கு வைக்க விரும்புவார்கள். அதை வேண்டாம் என்று சொல்ல ஒருவருக்கும் உரிமை இல்லை. ஆனால் ஒரே தகப்பனின் பிள்ளைகளில் இறந்த அல்லது காணாமல் போன அக்காவின் பெயரையே அப்படியே வைத்தால், மரணச் சான்றிதழ், முறைப்பாட்டுக் கோவை, பிறப்புச் சான்றிதழ் எல்லாவற்றிலும் தகப்பன் பெயரும் பிள்ளை பெயரும் ஒன்றாகி நிற்கும். அந்தப் பெயரை இரண்டாவது பெயராகச் சேர்த்தால் நினைவும் நிற்கும், கோவையும் குழம்பாது. பிள்ளைக்கும் தனக்கென்று ஒரு பெயர் இருக்கும்.

எண்கணிதம் பார்க்கிறவர்களுக்கு ஒரு சொல். ஆங்கில எழுத்துக்கு 1 முதல் 8 வரை மதிப்புக் கொடுக்கும் முறை ஒன்று, 1 முதல் 9 வரை கொடுக்கும் முறை ஒன்று. ஒரே பெயருக்கு இரண்டிலும் வெவ்வேறு கூட்டுத்தொகை வரும். எந்த முறை என்று கேட்காமல் ஒரு ஏயைக் கூட்டி ஒரு எச்சைக் குறைத்தால், இரண்டாவது ஆளிடம் போகும்போது திரும்பவும் மாற்றச் சொல்வார். எண்ணுக்காக எழுத்தைக் கூட்டினாலும் வாசிக்கிறவர் வாயில் பெயர் மாறக் கூடாது. அதற்கு மேல் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

கடைசியாகப் பதிவு. முப்பத்தொன்றாம் நாளில் துடக்குக் கழித்துப் பெயர் வைப்பது வழமை. சட்டப்படி பிறப்பை 42 நாளுக்குள் பதிய வேண்டும். இடையில் இருப்பது பதினொரு நாள். அதற்குள் பெரியவர்களின் வாதம் முடியாவிட்டால் நாள் போய்விடும். மூன்று மாதம் தாண்டினால் காலங்கடந்த பதிவாகி, பிரதேச செயலகத்தில் மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் போக வேண்டும். பெயர் இல்லாமலும் பிறப்பைப் பதியலாம், பிறகு விண்ணப்பித்துப் பெயரைச் சேர்க்கலாம். ஆனால் அது இன்னொரு அலைச்சல்.

பதிவு நடப்பது பிள்ளை பிறந்த இடத்துக்குரிய பதிவாளரிடம், நீங்கள் இருக்கும் இடத்தில் இல்லை. துணுக்காயில் இருந்து பிரசவத்துக்கு யாழ்ப்பாணம் போயிருந்தால் பதிவும் அங்கேதான். ஆகவே தூர ஆசுப்பத்திரிக்குப் போகிறவர்கள் ஏழாம் எட்டாம் மாதத்திலேயே வெவ்வேறு எழுத்தில் தொடங்கும் பத்துப் பன்னிரண்டு பெயரை வடிகட்டிக் கையில் வைத்திருந்தால், நட்சத்திரம் தெரிந்தவுடன் ஒன்றை எடுத்து, துண்டு வெட்டி (ஆசுப்பத்திரியிலிருந்து விடுவிக்கப்பட்டு) வீட்டுக்கு வரமுன் அலுவலை முடிக்கலாம்.

பதிவாளரிடம் பெயரை வாயால் சொல்லாதீர்கள். பெரிய எழுத்தில் கடதாசியில் எழுதிக் கொடுங்கள், தமிழிலும் ஆங்கிலத்திலும். தகப்பன் வேலைக்குப் போய் மாமாவை அனுப்புவதென்றால் அந்தக் கடதாசியைத் தாயே எழுதி அனுப்பட்டும். பெயர் என்ற நிரலில் தகப்பன் பெயரும் சேர்ந்து வர வேண்டுமா, பிள்ளையின் பெயர் மட்டுமா என்பதை வீட்டிலேயே தீர்மானித்து அதே ஒழுங்கில் எழுதுங்கள். மூத்த பிள்ளை இருந்தால் அவளுடைய சான்றிதழில் உள்ளபடியே செய்தால் பின்னால் சகோதரம் என்று காட்டுவது சுலபம். கையொப்பம் வைக்கமுன் எழுத்தெழுத்தாக வாசியுங்கள்: ன வா ண வா, ல வா ள வா ழ வா, ர வா ற வா, கொம்பும் காலும் சரியா. தகப்பன், தாய் பெயர்களையும் அவர்களுடைய பிறப்புச் சான்றிதழோடு ஒத்துப் பாருங்கள். அந்த மேசையில் நின்று சுட்டிக்காட்டினால் அப்போதே திருத்துவார்கள். வெளியே வந்த பிறகு ஒரு காலைத் திருத்துவதற்கும் விண்ணப்பம், ஆதாரம், காத்திருப்பு என்று எல்லாம் வேண்டும்.